ஓடையா, கழியா? ‘கிரீக்’ என்னும் சொல்லின் கதை

இராயபுரம், தண்டையார்ப்பேட்டை, திருவொற்றியூர் ஆகிய ஊர்களைக் கடந்து கடற்கரை ஓரமாகவே வடக்கு நோக்கிச் சென்றால் எண்ணூரை அடையலாம். அங்கே கடலுக்கும் தொழிற்சாலைகளுக்கும் இடையே பரந்த நீர்ப்பரப்பு ஒன்று கிடக்கிறது. ஆங்கிலத்தில் அதற்கு ‘எண்ணூர் கிரீக்’ என்று பெயர். அரசு ஆவணங்களிலும் நிலப்படங்களிலும் தீர்ப்புகளிலும் இப்பெயரையே காண்கிறோம்.

‘கிரீக்’ என்பதற்குத் தமிழில் என்ன பொருள்? ஆங்கில-தமிழ் அகராதி ஒன்றைப் புரட்டிப் பாருங்கள். அச்சொல்லுக்கு எதிரே இரண்டு பொருள்கள் இருக்கும். ஒன்று, கடல்நீர் நிலத்தினுள் புகுந்து நிற்கும் கழி. மற்றொன்று, சிற்றோடை.

இவ்விரண்டும் வெவ்வேறானவை என்பதைச் சிறிது எண்ணிப் பார்த்தாலே உணரலாம். ஓடை, மேட்டிலிருந்து பள்ளத்தை நோக்கி ஒரே திசையில் ஓடுவது. அதன் நீர் மழைநீர். நாம் பருகத் தக்கது. கழியின் நீரோ நாளுக்கு இருமுறை உள்ளே ஏறி, இருமுறை வெளியே வடிவது. அதில் உப்பு கரிக்கும். ஓடைக்குத் தாய் மழை. கழிக்குத் தாய் கடல். அப்படியிருக்க, ஒரே சொல் இவ்விரண்டையும் குறிக்க நேர்ந்தது எப்படி? எண்ணூருக்குப் பொருந்துவது எது? எதுவானால் என்ன, பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். பெயரில் எவ்வளவோ இருக்கிறது என்பதை இக்கட்டுரையின் முடிவில் நீங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

அக்குளிலிருந்து பிறந்த சொல்

‘கிரீக்’ ஆங்கிலேயரின் சொந்தச் சொல் அன்று. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு ஸ்காண்டிநேவிய நாடுகளிலிருந்து கடல் கடந்து வந்து இங்கிலாந்தின் கரையோரங்களில் குடியேறிய மக்கள் பேசிய மொழி பழைய நார்ஸ் மொழி. அம்மொழியில் ‘கிரிகி’ என்ற சொல் மூலை, மடிப்பு, வளைவின் உட்புறம் ஆகியவற்றைக் குறித்தது. அதன் வழிவந்த ஐஸ்லாந்து மொழியில் இன்றும் அக்குளுக்கு ‘ஹண்டர்கிரிகி’ என்று பெயர். கையின் மடிப்பு என்பது அதன் நேர்ப்பொருள்.

கரையை உடலாகவும், கடலுக்குள் நீண்ட நிலமுனையைக் கையாகவும் எண்ணிக்கொள்ளுங்கள். கைக்கும் உடலுக்கும் இடையிலுள்ள மடிப்பில் நீர் புகுந்து நின்றால் அதுவே ‘கிரீக்’. காற்றும் அலையும் அவ்வளவாக எட்டாத இடம் அது. சிறு படகுகள் அங்கே அச்சமின்றித் தங்கலாம். பதின்மூன்றாம் நூற்றாண்டளவில் ஆங்கிலத்தில் ‘கிரிக்கே’, ‘கிரேக்கே’ என்றெல்லாம் எழுதப்பட்ட இச்சொல், பின்னர் இன்றைய வடிவம் பெற்றது. பிரெஞ்சு மொழியின் ‘கிரீக்’, டச்சு மொழியின் ‘கிரேய்க்’ ஆகியவை இதற்கு உறவினர்.

இடைக்கால இங்கிலாந்தில் இது சட்டச் சொல்லாகவும் இருந்தது. சுங்கவரி அதிகாரிகள் அமர்ந்து வரி தண்டும் பெரிய இடம் ‘போர்ட்’ எனப்பட்டது. அதன் ஆட்சிக்கு உட்பட்டு, தனக்கெனத் தனி அதிகாரி இல்லாத சிறு இறங்குதுறை ‘கிரீக்’ எனப்பட்டது. ஒரு நீர்நிலைக்கு என்ன பெயர் என்பதைப் பொறுத்தே அங்கே யாருக்கு என்ன உரிமை என்பது அன்றே முடிவாயிற்று. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணூரில் இதே செய்தி மீண்டும் வரும்.

அமெரிக்காவில் ஓடையான கதை

1607-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் வட அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவை ஒட்டி ஜேம்ஸ்டவுன் என்ற குடியேற்றத்தை அமைத்தனர். அவ்விரிகுடாவின் கரையை எண்ணற்ற கழிகள் அறுத்துச் செல்கின்றன. தம் நாட்டு வழக்கப்படி அவற்றைக் ‘கிரீக்’ என்றே அவர்கள் அழைத்தார்கள். பின்னர் அக்கழிகளின் வழியே படகேறி உள்நாட்டுக்குள் சென்றார்கள். போகப் போகக் கழி குறுகியது, உப்பு குறைந்தது, முடிவில் காட்டிலிருந்து ஓடிவரும் நன்னீர் ஓடையாகவே அது மாறியது. எந்த இடத்தில் கழி முடிந்து ஓடை தொடங்கியது என்று யாரும் கோடு கிழிக்கவில்லை. முகப்பில் இட்ட பெயரே மூலம் வரை நீண்டது. நாளடைவில், கடலையே காணாத உள்நாட்டு ஓடைகளுக்கும் ‘கிரீக்’ என்ற பெயர் வழங்கலாயிற்று. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இதே மாற்றம் நிகழ்ந்தது.

அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியில் வாழ்ந்த மஸ்கோகி என்னும் பழங்குடியினரை ஆங்கிலேய வணிகர்கள் ‘கிரீக்’ மக்கள் என்று அழைத்ததும் குறிப்பிடத்தக்கது. ஓச்சீஸ் கிரீக் என்ற ஆற்றங்கரையில் வாழ்ந்தவர்கள் என்பதே காரணம். ஒரு நீர்நிலையின் பெயர் ஓர் இனத்தின் பெயராகவே ஆகிவிட்டது.

இங்கிலாந்தில் இன்றும் பழைய பொருளே நிலவுகிறது. அங்கே ‘கிரீக்’ என்றால் அலைநீர் ஏறி இறங்கும் கழி. ஆங்கிலேயர் ஆட்சி பரவிய ஆசியப் பகுதிகளுக்கும் இப்பொருளே வந்து சேர்ந்தது. மும்பையை அடுத்த தாணே கிரீக், கராச்சியின் கொரங்கி கிரீக், குஜராத் எல்லையிலுள்ள சர் கிரீக், அரபு மொழியில் ‘கோர்’ எனப்படும் துபாய் கிரீக் ஆகிய யாவும் கடல் புகுந்த கழிகளே. எண்ணூரும் இந்த வரிசையைச் சேர்ந்ததே. ஆனால் நம் மாணவர்களிற் பலர் இன்று அமெரிக்க நூல்களின் வழியே ஆங்கிலம் பயில்வதால், ‘கிரீக்’ என்றதும் ‘சிற்றோடை’ என்றே எழுதிவிடுகிறார்கள்.

அடைக்கலம் தரும் சொற்கள்

கரையோரப் புகலிடங்களைக் குறிக்கும் பிற ஆங்கிலச் சொற்களின் பிறப்பும் சுவையானதே. ‘ஹார்பர்’ என்ற சொல் முதலில் கடலோடு தொடர்பே அற்றது. பழைய மொழியில் ‘ஹெரெ’ என்றால் படை. ‘பெயோர்க்’ என்றால் காப்பு. படை தங்கும் இடம் என்பது மூலப்பொருள். பின்னர் வழிப்போக்கர் தங்கும் விடுதியைக் குறித்து, அதன் பின்னரே கப்பல் தங்கும் இடத்துக்கு வந்தது. விடுதியைக் குறிக்கும் ஜெர்மன் மொழியின் ‘ஹெர்பெர்கே’, பிரெஞ்சு மொழியின் ‘ஓபெர்ழ்’ ஆகியவை இதே குடும்பத்தைச் சேர்ந்தவை.

‘கோவ்’ என்பது சிறு குடாவைக் குறிப்பது. அதன் பழம்பொருள் உள்ளறை, படுக்கையறை என்பது. ‘ஹேவன்’ என்ற சொல்லின் உறவு டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகன் என்ற பெயரில் ஒளிந்திருக்கிறது. வணிகர் துறைமுகம் என்பது அப்பெயரின் பொருள். மடிப்பு, விடுதி, உள்ளறை என்று பிறப்பு வேறு வேறாயினும், இவை யாவற்றிலும் ஒரே கருத்து இழையோடுகிறது. கடலில் அலைக்கழிந்து வருபவனுக்கு ஒதுங்க ஓர் இடம் வேண்டும் என்பதே அது.

அடைக்கலம் இல்லாத கரை

இந்த ஒதுக்கிடம் இயற்கையில் இல்லாத ஊராகத்தான் சென்னை தொடங்கியது. 1639-இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னைப்பட்டினத்தில் காலூன்றியபோது, இங்கே குடாவும் இல்லை, கப்பல் நுழையத்தக்க ஆழமான ஆற்றுமுகமும் இல்லை. கப்பல்கள் திறந்த கடலிலேயே நங்கூரமிட்டு நின்றன. ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த மசுலாப் படகுகளிலும் கட்டுமரங்களிலும், சரக்கும் மனிதரும் அலைகளின் ஊடே கரை சேர்க்கப்பட்டனர். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு மேல் இந்நிலையே நீடித்தது.

1861-இல் இரும்புத் தூண்களின்மேல் ஓர் இறங்குமேடை கட்டப்பட்டது. பின்னர் 1870-களில் கடலினுள் இரு கைகளைப் போல அலைதடுப்புச் சுவர்களை எழுப்பத் தொடங்கினர். அதாவது, இயற்கை தராத மடிப்பை மனிதன் கல்லால் உண்டாக்க முனைந்தான். 1881 நவம்பரில் வீசிய புயல் அச்சுவர்களைப் பெரிதும் சிதைத்தது. மீண்டும் கட்டினர். 1904 முதல் துறைமுகத்தின் பொறுப்பிலிருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில், கிழக்கு நோக்கியிருந்த வாயில் அடைக்கப்பட்டு வடகிழக்கே புதிய வாயில் அமைந்தது.

இங்கே கடல் மணலின் இயல்பை நாம் அறிந்துகொள்ள வேண்டும். அலைகள் கரையைச் சாய்வாகத் தாக்கும்போது மணல் கரையோரமாகவே நகர்கிறது. சோழமண்டலக் கரையில் ஆண்டு முழுவதையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால், இந்நகர்வு தெற்கிலிருந்து வடக்கு நோக்கியே மிகுதி. துறைமுகச் சுவர் இம்மணலை வழிமறித்தது. தெற்கே மணல் குவிந்து மெரினா கடற்கரை அகன்றது. வடக்கே வரவேண்டிய மணல் வராமையால் இராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை கடல் கரையை அரிக்கலாயிற்று. அங்கே இன்று நாம் காணும் கற்சுவர்களும் தூண்டில் வளைவுகளும் அந்த அரிப்பைத் தடுக்க எழுந்தவையே. மனிதன் ஓர் ஒதுக்கிடத்தைக் கட்டியபோது பக்கத்து ஊர்களின் கரை கரைந்தது என்பது வடசென்னை கற்றுத்தரும் பாடம்.

எண்ணூரில் இருந்த மடிப்பு

அப்படியானால், சென்னைக்கு வடக்கே சில மைல் தொலைவில் எண்ணூரில் இயற்கையாகவே ஒரு கழி இருந்ததே, அதைத் துறைமுகமாக்கியிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். அங்கே சிறு படகுகளுக்கு ஒதுக்கிடம் உண்டு, பெருங்கப்பல்களுக்கு இல்லை. காரணம், அதன் வாயிலில் அடிக்கடி மணல் மேடிடும்.

எல்லாக் கழிகளின் வாயிலிலும் இரு ஆற்றல்கள் போராடுகின்றன. கரையோரமாக நகரும் மணல் வாயிலை அடைக்க முயல்கிறது. ஏறி இறங்கும் அலைநீரும் ஆற்று வெள்ளமும் அம்மணலைத் தள்ளித் திறந்துவைக்க முயல்கின்றன. மும்பைக் கரையில் உவா நாட்களில், அதாவது அமாவாசை, பௌர்ணமி நாட்களை ஒட்டி, கடல்மட்டம் மூன்றரை மீட்டருக்கு மேல் ஏறி இறங்குகிறது. அவ்வளவு நீர் நாளுக்கு இருமுறை போய்வந்தால் தாணேக் கழியின் வாய் எளிதில் அடைபடாது. சென்னைக் கரையில் அந்த ஏற்றத்தாழ்வு ஏறத்தாழ ஒரு மீட்டர் மட்டுமே. ஆகவே இங்கே மணலின் கையே ஓங்குகிறது. கூவம், அடையாறு, கொசஸ்தலை ஆகிய மூன்று ஆறுகளின் வாய்களும் அடிக்கடி மேடிடுவதற்கு இதுவே முதற்காரணம்.

எண்ணூரில் கடலைச் சேர்வது கொசஸ்தலை ஆறு. கொற்றலையாறு என்றும் இதனைச் சொல்வர். 1944-இல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கம் இவ்வாற்றின் குறுக்கே அமைந்ததே. புழல் ஏரியின் உபரிநீரும் இப்பக்கமாகவே வருகிறது. ஆயினும் எண்ணூர்க் கழி என்பது அந்த ஆற்றின் வாய் மட்டும் அன்று. கடற்கரைக்கு இணையாக வடக்கே பழவேற்காடு ஏரியை நோக்கி நீளும் நீர்க்கைகளும், சேற்றுத் திடல்களும், உப்பளங்களும், கண்டல் மரங்கள் வளரும் ஓரங்களும் சேர்ந்ததே அக்கழி.

இந்த அமைப்பை நன்கு பயன்படுத்திக்கொண்டவர்கள் கால்வாய் வெட்டியவர்கள். 1806-இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை ஒரு கால்வாய் வெட்டப்பட்டது. அதற்குப் பொருளுதவி செய்த பேசில் காக்ரேன் பெயரால் அது காக்ரேன் கால்வாய் எனப்பட்டது. பின்னர் வடக்கிலும் தெற்கிலும் நீட்டப்பட்டு, 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த கொடும் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக விரிவுபடுத்தப்பட்டது. அன்றைய ஆளுநரின் பெயரால் பக்கிங்காம் கால்வாய் என்ற பெயர் பெற்றது. ஆந்திரத்தின் பெத்தகஞ்சாமிலிருந்து தமிழ்நாட்டின் மரக்காணம் வரை ஏறத்தாழ 420 கிலோமீட்டர் நீளும் அக்கால்வாய், வழியிலுள்ள கழிகளையெல்லாம் மாலையில் மணி கோத்தாற்போல் கோத்துச் செல்கிறது. அலைநீர் ஏறி இறங்கும் உப்புநீர்க் கால்வாய் அது.

தமிழில் எத்தனை சொற்கள்!

இனி நம் மொழியைப் பார்ப்போம். கடலும் கடல் சார்ந்த நிலமும் நெய்தல் என்று பண்டைத் தமிழர் வகுத்தனர். நெய்தல் நிலப் பாடல்களில் ‘கழி’ என்ற சொல் மீண்டும் மீண்டும் வருகிறது. ஆங்கிலேயர் ‘கிரீக்’ என்ற சொல்லை இரவல் பெறுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, அதே பொருளுக்கு நம்மிடம் இரண்டெழுத்தில் ஒரு சொல் இருந்தது. உப்பங்கழி, கழிக்கரை, கழிமுகம் ஆகியவை அதன் வழி வந்தவை.

‘குடா’ என்ற சொல்லையும் எண்ணிப் பாருங்கள். குடவு என்றால் வளைவு, உட்குழிவு. நிலம் உள்வாங்கி வளைந்த இடத்தில் கடல் புகுந்து நிற்பது குடா. விரிகுடா, வளைகுடா என்று நாம் பாடநூலில் படிப்பது இதனையே. நார்ஸ் மொழியின் ‘கிரிகி’யும் தமிழின் ‘குடா’வும் ஒன்றுக்கொன்று உறவில்லாதவை. ஆனால் கடற்கரையைக் கண்ட இரு மக்களும் வளைவு, மடிப்பு என்ற ஒரே காட்சியிலிருந்து பெயர் வைத்திருக்கிறார்கள்!

காயல் என்பது மற்றொன்று. தாமிரபரணி முகத்துக்கு அருகிலிருந்த காயல் துறைமுகத்தை மார்க்கோ போலோ தம் பயண நூலில் குறித்துள்ளார். வண்டல் படிந்து கடல் விலகியதால் அத்துறைமுகம் மங்கியது. பழையகாயல் என்ற ஊர்ப்பெயர் நிற்கிறது. இலங்கைத் தமிழர் கடல்நீரேரியைக் களப்பு என்பர். மட்டக்களப்பு என்ற பெயரை அறியாதார் இலர். நீர்நிலை கடலோடு சேரும் வாய் முகத்துவாரம். கொழும்பின் வடபகுதியில் ஒரு முகத்துவாரம் உண்டு. எண்ணூரிலும் முகத்துவாரக்குப்பம் என்ற மீனவர் குடியிருப்பு உண்டு.

இச்சொற்களைப் பயன்படுத்துவதில் ஒரு கவனம் வேண்டும். முகத்துவாரம் என்பது வாய். கழி என்பது வாயும் வயிறும் சேர்ந்த முழு உடல். ‘எண்ணூர் கிரீக்’ என்பதை ‘எண்ணூர் முகத்துவாரம்’ என்று மட்டும் எழுதினால், கடலை ஒட்டிய சிறு இடத்தையே படிப்பவர் எண்ணுவார். ‘எண்ணூர் ஓடை’ என்று எழுதினாலோ, மழை பெய்தால் ஓடி வெயிலில் வற்றும் ஏதோ ஒரு வாய்க்காலை எண்ணுவார். இரண்டிலும் ஆயிரக்கணக்கான ஏக்கர் நீர்ப்பரப்பு படிப்பவரின் மனத்திலிருந்து மறைந்துபோகிறது. ‘எண்ணூர்க் கழி’ என்பதே முழுமையான பெயர்.

சட்டம் உப்பை அளக்கிறது

பெயர் மனத்தில் மறைந்தால் போகட்டும், நிலத்தில் மறையாதல்லவா? மறையக்கூடும்.

நடுவண் அரசு 1991 பிப்ரவரியில் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையை வெளியிட்டது. கடற்கரை மட்டுமன்றி, அலைநீரின் தாக்கம் உள்ள விரிகுடாக்கள், ஆற்றுமுகங்கள், ‘கிரீக்’குகள், ஆறுகள், காயல்கள் ஆகியவற்றின் கரைகளிலும் கட்டுமானங்களை அது கட்டுப்படுத்தியது. பின்னர் 2011-இலும் 2019-இலும் புதிய அறிவிக்கைகள் வந்தன. ஆக, ‘கிரீக்’ என்ற சொல் மீண்டும் ஒரு சட்டச் சொல் ஆயிற்று.

அலைநீரின் தாக்கம் எதுவரை என்று எவ்வாறு அறிவது? 2011-ஆம் ஆண்டு அறிவிக்கை இதற்கு ஓர் அறிவியல் அளவுகோலைத் தருகிறது. கடல்நீரில் ஆயிரம் பங்குக்கு ஏறத்தாழ 35 பங்கு உப்பு உண்டு. கரையிலிருந்து உள்ளே செல்லச் செல்ல உப்பு குறையும். ஆண்டின் மிக வறண்ட காலத்தில் அளக்கும்போது, ஆயிரத்துக்கு 5 பங்கு உப்பு எந்த இடம்வரை இருக்கிறதோ அதுவரை அலைநீரின் எல்லை. செசபீக்கில் கழி எங்கே முடிகிறது, ஓடை எங்கே தொடங்குகிறது என்று குடியேறியவர்கள் கிழிக்காமல் விட்ட கோட்டை, இன்றைய சட்டம் உப்பை அளந்து கிழிக்கிறது!

இக்கோட்டை வரைபடத்தில் ஏற்றினால்தான் காப்பு கிடைக்கும். தமிழகக் கடற்கரைக்கான மேலாண்மைத் திட்ட வரைபடத்துக்கு நடுவண் அரசு 1996-இல் ஒப்புதல் தந்தது. அதில் எண்ணூர்க் கழி நீர்ப்பரப்பாகக் காட்டப்பட்டிருந்தது. பின்னர் பயன்படுத்தப்பட்ட வேறொரு வரைபடத்தில் அக்கழியின் பெரும்பகுதி காட்டப்படவில்லை என்று 2017-இல் மீனவர்களும் சூழலியல் ஆர்வலர்களும் குற்றஞ்சாட்டினர். தாளில் நீரில்லை என்றால் அங்கே மண் கொட்டுவது நீரைத் தூர்ப்பதாகக் கருதப்படாது. வெற்று நிலத்தைச் சமன் செய்வதாகவே கருதப்படும். அவர்களுடைய அச்சத்தின் சாரம் இதுவே.

நாடுகளுக்கு இடையிலும் இத்தகைய வழக்கு உண்டு. இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையே, கட்ச் சதுப்பு நிலத்தில் ஏறத்தாழ 96 கிலோமீட்டர் நீளமுள்ள சர் கிரீக் கிடக்கிறது. எல்லை அதன் நடு நீரோட்டத்தில் செல்கிறது என்பது இந்தியாவின் வாதம். கிழக்குக் கரையோரம் செல்கிறது என்பது பாகிஸ்தானின் வாதம். படகு செல்லத்தக்க நீர்வழியானால் எல்லையை நடு நீரோட்டத்தில் வைப்பது பன்னாட்டு மரபு. அது படகு செல்லத்தக்கதா என்பதிலேயே இரு நாடுகளும் வேறுபடுகின்றன. அலைநீர் ஏறும்போது படகு செல்லும், இறங்கும்போது சேறாகக் கிடக்கும் ஒரு கழியை நீர் என்பதா, நிலம் என்பதா? இக்கேள்விக்கு விடை காண்பது அவ்வளவு எளிதன்று.

கழி செய்யும் வேலை

வெற்றுச் சேறு என்று தோன்றும் இந்த இடத்தால் என்ன பயன்? இரண்டை மட்டும் கூறுவோம்.

முதலாவது, இது ஒரு மீன் பண்ணை. பல வகை இறால்கள் கடலில் முட்டையிடுகின்றன. குஞ்சுகள் அலைநீரோடு கழிக்குள் வந்து, கலங்கிய உவர்நீரில் உணவும் மறைவிடமும் பெற்று வளர்கின்றன. வளர்ந்தபின் மீண்டும் கடலுக்குத் திரும்புகின்றன. மடவை போன்ற மீன்களும் நண்டுகளும் இங்கே செழிக்கின்றன. கழியில் வலை வீசுவோரும், இடுப்பளவு நீரில் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர்களும் இதை நம்பி வாழ்கின்றனர். கடலில் இறங்கும் விசைப்படகுக்காரரின் இறாலும் ஒரு காலத்தில் கழியில் வளர்ந்ததே.

இரண்டாவது, இது ஒரு வெள்ள வடிகால். பெருமழையின்போது கொசஸ்தலை ஆற்றின் வெள்ளம் கடலை நோக்கி விரைகிறது. அதே வேளையில் கடல்மட்டம் ஏறியிருந்தால் நீர் வடியாது, காத்திருக்க வேண்டும். சில மணி நேரம் அந்நீரைத் தாங்கி நிற்பது பரந்த கழியே. கழி குறுகினால், காத்திருக்க இடமின்றி நீர் ஊருக்குள் புகும்.

இப்பரப்பைச் சுற்றிலும் தொழில்கள் பெருகின. 1970-இல் எண்ணூர் அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அது 2017-இல் மூடப்பட்டது. 1990-களில் வடசென்னை அனல்மின் நிலையம் வந்தது. நிலக்கரி இறக்குவதற்கென, முகத்துவாரத்துக்கு வடக்கே அலைதடுப்புச் சுவர்களுடன் எண்ணூர்த் துறைமுகம் 2001-இல் திறக்கப்பட்டது. இன்று அது காமராசர் துறைமுகம். நாட்டுக்கு மின்சாரமும் துறைமுகமும் வேண்டியவையே. ஆனால் நிலக்கரி எரிந்த சாம்பல் குழம்பு கழியில் கசிந்து படிந்தது. அதன் விளைவாக எழுந்த வழக்கில், 2022-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கழியைச் சீரமைக்க ஆணையிட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெய், கழி முழுவதும் பரவிப் படகுகளிலும் வலைகளிலும் அப்பியது. கழி ஒரு மடிப்பு என்பதன் மறுபக்கம் இது. ஒதுங்க வந்த படகைக் காப்பதுபோலவே, அங்கே வந்து சேர்ந்த நஞ்சையும் அது எளிதில் வெளியே விடுவதில்லை. திறந்த கடல் கரைத்துவிடும் அழுக்கு, கழியின் சேற்றில் தங்கிவிடுகிறது.

பெயர் சொல்லிப் பழகுவோம்

நார்ஸ் மொழியில் அக்குளாகவும், இங்கிலாந்தில் படகின் ஒதுக்கிடமாகவும், அமெரிக்காவில் ஓடையாகவும் பொருள் தந்த ஒரு சொல், சென்னைக்கு வந்தபோது நம் பழைய கழியின்மேல் அமர்ந்தது. சொற்கள் இவ்வாறு பொருள் மாறுவது மொழியின் இயல்பு. அதில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் ஓரிடத்தின் பெயரை மொழிபெயர்க்கும்போது, அகராதியை மட்டுமன்றி அந்த இடத்தையும் பார்க்க வேண்டும்.

மாணவ நண்பர்களே, இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். உங்கள் ஊர்க் கடற்கரையில் நீர்நிலை ஒன்று கடலைச் சேருமிடத்துக்கு ஆசிரியருடன் செல்லுங்கள். ஒரு கோலை நட்டு, மணிக்கொருமுறை நீர்மட்டத்தைக் குறியுங்கள். மழை இல்லாத நாளில் அது ஏறி இறங்கினால், நீங்கள் நிற்பது ஓடைக்கரையில் அன்று, கழிக்கரையில். அதை அங்குள்ள மீனவர் என்ன பெயரால் அழைக்கிறார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பள்ளி நிலப்படத்தில் அப்பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், பென்சிலால் நீங்களே எழுதிவையுங்கள்.